நேர்த்தி வேண்டும், வீண் வருத்தம் வேண்டாம்

மனிதனுக்கு வரும் சோதனைகளில் சில, பாவத்தின் உருவில் வருகின்றன. சில, நன்மையின் உருவிலேயே வருகின்றன. முதல் வகையை நாம் எளிதில் அடையாளம் கண்டுகொள்கிறோம். சோம்பல் தீயது என்பதும், வேலையில் ஏமாற்றுவது ஹராம் என்பதும் மக்தபில் ஓதும் சிறு பிள்ளைக்கும் தெரியும். ஆனால், வேலையைத் திருந்தச் செய்யவேண்டும் என்ற நல்ல ஆசையே ஒருவனுடைய வேலையையும், உடலையும், வணக்கத்தையும் கெடுத்துவிடக்கூடும் என்றால் நம்புவதற்குத் தயங்குகிறோம். அத்தகைய சோதனையைப் பற்றித்தான் இம்மாதம் சற்று விரிவாகச் சிந்திக்க விரும்புகிறோம்.

நமக்குத் தெரிந்த ஓர் இளைஞர் காஞ்சிபுரத்தில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறார். நாணயமானவர், ஒரு காசு பிசகாதவர். கடையின் அன்றாடக் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றியதும் ஒருமுறை சரிபார்ப்பார். அது முறைதான். பிறகு இரண்டாம் முறை பார்ப்பார். மூன்றாம் முறையும் பார்ப்பார். வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்த பிறகும் ஏதோ ஓர் எண் நினைவுக்கு வரும். உடனே கடைக் காவலாளிக்குப் போன் செய்வார். ஒருநாளில் முடியவேண்டிய வேலை அவரிடம் மூன்று நாள் கிடக்கும்.

பள்ளிவாசலிலும் இதே நிலைதான். ஒளுச் செய்ய ஹவுளில் உட்கார்ந்தால் எழுந்திருக்கமாட்டார். முழங்கை நனைந்ததா, குதிகால் நனைந்ததா என்ற ஐயம் தீராது. இகாமத் சொல்லி, முதல் ரக்அத் முடிந்து, இரண்டாம் ரக்அத்தும் பாதி ஆன பிறகுதான் வந்து நிற்பார்.

அவருடைய தாயார் ஒருநாள் நம்மிடம் வந்து கண் கலங்கினார். "ஹஜ்ரத், மார்க்கம்தானே எல்லாத்தையும் சுத்தமா, ஒழுங்கா செய்யச் சொல்லுது? எம் புள்ள அதைத்தானே செய்யறான்? அப்புறம் ஏன் அவனுக்கு நிம்மதி இல்லை? தூக்கம் இல்லை, சாப்பாடு இல்லை. முதலாளியும் வேலை ஓடலைன்னு கோவிச்சுக்கறாரு" என்றார்.

அந்தத் தாயின் கேள்வி சாதாரணமானதல்ல. அதற்கு இரண்டு அவசரப் பதில்கள் உண்டு. 'கொஞ்சம் ஏனோதானோவென்று இருக்கச் சொல்லுங்கள்' என்பது ஒன்று. 'நல்லதுதானே, இருந்துவிட்டுப் போகட்டும்' என்பது மற்றொன்று. இரண்டுமே தவறு. ஏன் தவறு என்பதைப் பார்ப்போம்.

மார்க்கம் கேட்கும் நேர்த்தி

இஸ்லாம் அரைகுறை வேலையை விரும்புவதில்லை. எந்தக் காரியத்திலும் இஹ்ஸான் என்னும் அழகிய முறையை அல்லாஹ் விதித்திருப்பதாக நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்துள்ளார்கள். பிராணியை அறுப்பதில்கூடக் கத்தியைத் தீட்டி, அதற்கு வேதனை குறையும்படிச் செய்யவேண்டும் என்று கற்றுத்தந்தார்கள். உங்களில் ஒருவர் ஒரு வேலையைச் செய்தால் அதைத் திருத்தமாகச் செய்வதை அல்லாஹ் விரும்புகிறான் என்ற கருத்துள்ள அறிவிப்பை இமாம் பைஹகீ (ரஹ்) அவர்கள் பதிவு செய்துள்ளார்கள்.

நபி தாவூத் (அலை) அவர்களுக்கு அல்லாஹ் இரும்பை இளகச் செய்துகொடுத்த செய்தி சூரா ஸபாவில் வருகிறது. போர்க்கவசம் செய்யும்படி ஏவியதோடு, வளையங்களை அளவாக இணைக்கவேண்டும் என்றும் அங்கே கட்டளை வருகிறது. வளையம் பெரிதானால் அம்பு நுழைந்துவிடும். மிகச் சிறிதானால் கவசம் கனத்துப் போர்வீரன் அசையமாட்டான். அங்கே சொல்லப்பட்டது 'அளவு' என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சொல்லுக்குப் பின்னர் திரும்புவோம்.

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் கூஃபா நகரில் துணி வணிகம் செய்தவர்கள். ஒரு சமயம் ஒரு துணியில் குறை இருப்பதைக் கண்டு, விற்கும்போது அதைச் சொல்லிவிட வேண்டும் என்று தம் கூட்டாளியிடம் கூறியிருந்தார்கள். கூட்டாளி மறந்துபோய்ச் சொல்லாமல் விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. இமாமவர்கள் அந்தத் தொகை முழுவதையும் தருமம் செய்துவிட்டார்கள் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

இச்செய்தியை நாம் பெரும்பாலும் நேர்மைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறோம். அதில் வேறொரு பாடமும் உண்டு. குறையுள்ள துணியை இமாமவர்கள் எரித்துவிடச் சொல்லவில்லை. விற்கவே கூடாது என்றும் சொல்லவில்லை. குறையைச் சொல்லி விற்கச் சொன்னார்கள். குறை இருப்பது குற்றமல்ல. குறையை மறைப்பதே குற்றம். இந்த வேறுபாடு புரிந்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்துவிடும்.

மாகறல் தறியில் கற்ற பாடம்

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர்ப் பக்கம் செல்லும் வழியில், செய்யாற்றை ஒட்டி மாகறல் இருக்கிறது. பழங்காலக் கோயிலுக்குப் பெயர் பெற்ற ஊர். காஞ்சிப் பட்டின் தறிச் சத்தம் அந்த வட்டாரத்து மக்களுக்குப் பழக்கமானது. ஒரு வேலையாக அவ்வழியே சென்றபோது, அறிமுகமான ஒரு நெசவாளர் வீட்டுக்குச் சென்றிருந்தோம். "வாங்க பாய், உட்காருங்க" என்று திண்ணையில் அமர வைத்துவிட்டுத் தறிக்குழியில் இறங்கினார்.

காஞ்சிப் பட்டுச் சேலையின் சிறப்பு கோர்வை வேலையில் இருக்கிறது. கரை ஒரு நிறம், உடல் வேறு நிறம். மூன்று நாடாக்கள் வேலை செய்கின்றன. கரையின் ஊடையும் உடலின் ஊடையும் ஒவ்வோர் இழையிலும் கோத்துக்கொள்ளவேண்டும். அதனால்தான் தறியில் ஒருவர் போதாமல், பக்கத்தில் உதவிக்கு இன்னொருவரும் அமர்கிறார். முந்தி வேறு நிறமானால் பாவின் இழைகளையே ஒவ்வொன்றாக இணைக்கவேண்டியிருக்கும். இத்தகைய உழைப்புக்காகவே 2005-06ஆம் ஆண்டில் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கூலியோ நாள் கணக்கில் அல்ல, சேலைக் கணக்கில். ஒரு சேலைக்கு இரண்டு வாரமும் ஆகலாம். வேலைப்பாடு கூடினால் ஒரு மாதமும் ஆகலாம்.

அன்று அவர் நெய்துகொண்டிருந்தபோது நடுவில் நிறுத்தி, துணியைத் தடவிப் பார்த்து, நாலைந்து இழைகளைப் பிரித்து எடுத்தார். மறுபடி நெய்தார். நாம் அந்த இளைஞரை நினைத்துக்கொண்டே, "ஐயா, எதுவரைக்கும் பிரிப்பீங்க?" என்று கேட்டோம்.

அவர் சிரித்தார். "கட்டிக்கப் போறவங்களுக்குத் தெரியற தப்பைப் பிரிச்சே ஆகணும் பாய். அதை அப்படியே விட்டா அது களவு. ஆனா பூதக்கண்ணாடி வெச்சுத் தேடித் தேடிப் பிரிச்சா, பாவு தாங்காது. பிரிக்கப் பிரிக்கப் பட்டு நைஞ்சுடும். அப்புறம் நான் சரி பண்ண வந்த எடமே கிழிஞ்சு நிக்கும்" என்றார்.

ஊடையைப் பிரிக்கும்போது பாவு இழை உரசுகிறது. ஒருமுறை தாங்கும், இருமுறை தாங்கும். அதற்கு மேல் இழை பிசிறடித்து அறுந்துவிடும். குறையைப் போக்கும் செயலே ஓர் எல்லைக்குப் பிறகு குறையை உண்டாக்கும் செயலாகிவிடுகிறது. மனிதனுக்கும் இது பொருந்தும். அவனுடைய உறக்கம், உடல், மனம், குடும்பம் ஆகியவைதான் பாவு. அன்றாட வேலை அதில் ஓடும் ஊடை. ஊடையைத் திருத்துவதாக எண்ணிக்கொண்டு பாவையே அறுத்துக்கொள்கிறவர்கள் எத்தனை பேர்!

சூரா நஹ்லில் ஒரு பெண்ணைப் பற்றிய உவமை வருகிறது. உறுதியாக நூற்ற நூலைத் தானே பிரித்துப் பிரித்துப் போட்டவள் அவள். மக்காவில் வாழ்ந்த ஒரு பெண்ணையே அது குறிக்கிறது என்று விரிவுரையாளர்கள் சிலர் எழுதியுள்ளார்கள். அவ்வசனம் சத்தியத்தை முறிப்பவர்களை எச்சரிக்க வந்தது. அதன் பொருளை நாம் மாற்றவில்லை. ஆனால், கைப்பட உழைத்ததைத் தன் கையாலேயே பாழாக்குவது எவ்வளவு பரிதாபமானது என்பதை அந்த உவமை நம் கண்முன் நிறுத்துகிறது.

தொழுகை கற்றுத்தரும் முறை

ஒரு முஸ்லிமுடைய வேலைகளில் மிக உயர்ந்தது தொழுகை. அதில் பிழை நேர்ந்தால் மார்க்கம் என்ன செய்யச் சொல்கிறது? இதை நாம் நாள்தோறும் செய்கிறோம். ஆனால் அதன் தத்துவத்தைச் சிந்திப்பதில்லை.

நாயகம் (ஸல்) அவர்களே ஒருமுறை நான்கு ரக்அத்துத் தொழுகையில் இரண்டோடு ஸலாம் கொடுத்துவிட்டார்கள். துல்யதைன் (ரலி) என்ற தோழர் எடுத்துச் சொன்னதும், மற்றவர்களிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு, விடுபட்டதை நிறைவு செய்து, ஸஜ்தா ஸஹ்வு செய்தார்கள். தொழுகை முழுவதையும் அவர்கள் முதலிலிருந்து தொடங்கவில்லை. எத்தனை ரக்அத் என்ற ஐயம் வந்தால், உறுதியாகத் தெரிந்ததை வைத்துக்கொண்டு மேலே தொழுது, இறுதியில் இரண்டு ஸஜ்தாச் செய்யும்படி நமக்கும் வழி காட்டினார்கள். தொழுகை முடிந்ததும் மூன்று முறை இஸ்திக்ஃபார் செய்வது அவர்களின் வழக்கம். பாவம் செய்துவிட்டா இஸ்திக்ஃபார்? இல்லை, தொழுதுவிட்டு இஸ்திக்ஃபார்! 'இறைவா, என்னால் இயன்றதைச் செய்தேன். இதில் குறை இருக்கும். பொறுத்துக்கொள்' என்பதே அதன் பொருள்.

பிழையைத் திருத்த ஓர் அளவான வழி இருக்கிறது. திருத்த முடியாததற்கு மன்னிப்புக் கேட்கும் வழி இருக்கிறது. அதன் பிறகு எழுந்து அடுத்த வேலையைப் பார்க்கவேண்டும். வணக்கத்துக்கே இதுதான் முறை என்றால், கடைக் கணக்குக்கும், தையலுக்கும், சமையலுக்கும், பள்ளிப் பாடத்துக்கும் இது போதாதா?

ஒளுவில் வரும் ஐயத்தை நம் உலமாக்கள் 'வஸ்வாஸ்' என்று பெயரிட்டு, அதற்கு இடம் கொடுக்கக் கூடாதென்று எச்சரித்துள்ளார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவுத் தண்ணீரில், அதாவது இரு கைகளைச் சேர்த்து அள்ளும் அளவில், ஒளுச் செய்துள்ளார்கள். தொழுகையில் காற்றுப் பிரிந்ததோ என்று சந்தேகப்படுபவர், சத்தமோ வாடையோ இல்லாதவரை தொழுகையை விட்டுச் செல்லவேண்டாம் என்றும் கூறியுள்ளார்கள். உறுதியைச் சந்தேகம் நீக்காது என்ற ஃபிக்ஹுச் சட்டத்துக்கு இதுவே அடிப்படை. ஒருமுறை கழுவியது உறுதி; நனையவில்லையோ என்பது சந்தேகம். உறுதிதான் வெல்லவேண்டும்.

பள்ளிவாசலின் இரு தூண்களுக்கிடையே கட்டப்பட்டிருந்த ஒரு கயிற்றை நாயகம் (ஸல்) அவர்கள் கண்டார்கள். இரவுத் தொழுகையில் களைப்பு வந்தால் பற்றிக்கொள்ள அன்னை ஜைனப் (ரலி) அவர்கள் கட்டியது என்று தெரிந்தது. அதை அவிழ்த்துவிடச் சொல்லி, உற்சாகம் உள்ளவரை தொழவேண்டும், களைத்தால் உட்கார்ந்துவிடவேண்டும் என்று கூறினார்கள். களைப்பை மீறித் தன்னைக் கட்டி நிறுத்திக்கொள்ளும் கயிறு வணக்கத்திலேயே அவிழ்க்கப்பட்டுவிட்டது. நம் வேலையில் நாம் கட்டிவைத்திருக்கும் கயிறுகள் எத்தனை!

அபூதர்தா (ரலி) அவர்கள் பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்தபோது, அவர்களுடைய துணைவியாரின் வாடிய கோலத்தைக் கண்டுதான் ஸல்மான் (ரலி) அவர்களுக்கு விஷயம் புரிந்தது. இறைவனுக்குரிய உரிமை உண்டு. உடலுக்குரிய உரிமை உண்டு. குடும்பத்துக்குரிய உரிமையும் உண்டு. ஒவ்வொன்றையும் உரியவருக்குக் கொடுக்கவேண்டும் என்று ஸல்மான் (ரலி) எடுத்துரைத்தார்கள். நாயகம் (ஸல்) அவர்களும் அதை உண்மை என்று ஏற்றார்கள். ஒருவர் அளவு மீறுகிறார் என்பது அவருக்குத் தெரிவதற்கு முன் அவருடைய வீட்டாரின் முகத்தில் தெரிந்துவிடுகிறது என்பதையும் இச்செய்தியில் காண்கிறோம்.

குறையற்றது ஒன்றே

இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் 'ரிஸாலா' என்னும் நூலைப் பற்றி ஒரு செய்தி உண்டு. அதை அவர்களுடைய மாணவர் முஸனீ (ரஹ்) அவர்கள் எண்பது தடவை அவர்களிடம் வாசித்துக் காட்டியதாகவும், ஒவ்வொரு தடவையும் ஏதேனும் ஒரு திருத்தம் தென்பட்டதாகவும், முடிவில் இமாமவர்கள், இறைவனின் வேதத்தைத் தவிர வேறெந்த நூலும் குறையற்றதாக இருக்க அவன் விடமாட்டான் என்று சொல்லி நிறுத்திவிட்டதாகவும் கூறப்படுகிறது.

எண்பது தடவை என்பது சோம்பேறியின் கணக்கல்ல. ஆனால் எண்பதோடு நின்றது. நின்றதால்தான் அந்த நூல் நமக்குக் கிடைத்தது. குறையே இல்லாமல் ஆன பிறகுதான் வெளியிடுவேன் என்று இருந்திருந்தால் சமுதாயம் எவ்வளவு பெரிய செல்வத்தை இழந்திருக்கும்!

கம்பளம் நெய்யும் சிலர் பணிவைக் காட்டுவதற்காக வேண்டுமென்றே ஒரு பிழையை வைப்பார்கள் என்று ஒரு கதை சொல்வதுண்டு. நாம் அவ்வாறு செய்யவேண்டியதில்லை. நாம் எவ்வளவு முயன்றாலும் குறை தானாகவே வந்துவிடும்! வேண்டுமென்றே வைத்தால்தான் குறை வரும் என்று எண்ணுவது பணிவாகாது.

பிறர் தலையில் ஏற்றும் நேர்த்தி

இதுவரை தன்னைத் தானே வருத்திக்கொள்பவரைப் பற்றிப் பேசினோம். பிறரை வருத்துபவரைப் பற்றியும் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் நாம் பாதி உண்மையை மறைத்தவர்களாவோம்.

கூலியைக் குறைத்துக் கொடுத்துவிட்டு அப்பழுக்கற்ற வேலையை எதிர்பார்க்கும் முதலாளிகள் இருக்கிறார்கள். ஒரு சிறு குறைக்காகப் பல நாள் உழைப்பின் கூலியில் கைவைப்பவர்களும் உண்டு. உங்களிடம் வேலை செய்பவர்கள் உங்கள் சகோதரர்கள். சக்திக்கு மீறி அவர்கள்மேல் சுமத்தாதீர்கள். சுமத்தினால் நீங்களும் கைகொடுங்கள் என்பது நபிமொழியின் கருத்து. முதலாளியாக இருக்கும் சகோதரர்கள் இதைத் தம் கடையில் எழுதி மாட்டினால் மட்டும் போதாது. மாதக் கடைசியில் சம்பளம் போடும்போதும் நினைக்கவேண்டும்.

உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் நிறுவனமும் 2021ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டன. நீண்ட நேர உழைப்பின் காரணமாகப் பக்கவாதத்தாலும் இதய நோயாலும் 2016ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் சுமார் 7,45,000 பேர் இறந்தார்கள் என்று அது மதிப்பிடுகிறது. நீண்ட நேரம் என்று அவர்கள் கொண்டது வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும். வேலைச் சுமையால் மனமும் உடலும் வற்றிப்போகும் நிலையை 2019ஆம் ஆண்டிலேயே உலக சுகாதார நிறுவனம் தன் வகைப்பாட்டில், வேலையிலிருந்து எழும் ஒரு நிலை என்று குறித்துள்ளது. உடலுக்கும் உரிமை உண்டு என்று ஸல்மான் (ரலி) அவர்கள் சொன்னதை இன்று மருத்துவர்கள் எண்களால் சொல்கிறார்கள்.

வீட்டில் என்ன நடக்கிறது? 98 மதிப்பெண் வாங்கி வந்த பிள்ளையிடம், "அந்த ரெண்டு மார்க் எங்கே போச்சு?" என்று கேட்கிறோம். புதிதாக வந்த மருமகள் நாள் முழுவதும் நின்று ஆக்கிய பிரியாணியில் உப்பு ஒரு சிட்டிகை குறைந்ததை மட்டும் நாலு பேர் முன்னிலையில் சொல்கிறோம். நாயகம் (ஸல்) அவர்கள் எந்த உணவையும் குறை சொன்னதில்லை. பிடித்தால் உண்பார்கள், இல்லையேல் விட்டுவிடுவார்கள். வீட்டில் விழுந்த அந்த ஒரு சொல்தான் பிள்ளையின் மனத்தில் பயமாக ஊன்றி, இருபது வருடங்களுக்குப் பிறகு கணக்குப் புத்தகத்தின் முன்னால் தூக்கமில்லாமல் உட்கார வைக்கிறது.

மூன்று கேள்விகள்

'அப்படியானால் இது சோம்பேறிகளுக்குச் சாக்காகிவிடாதா?' என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 'மனிதன் செய்வதில் குறை இருக்கத்தான் செய்யும்' என்று சொல்லி ஈரக் கதிரை உள்ளே வைத்து உலர்ந்ததை மேலே பரப்பும் வியாபாரி தப்பித்துக்கொள்ள முடியாது. தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள், ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்றே கண்டித்தார்கள். ஆகவே ஒரு வேலையை முடிக்கும்போது நம்மை நாமே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்வோம்.

முதலாவது: இந்தக் குறையால் யாருக்கேனும் நஷ்டமோ தீங்கோ உண்டா? உண்டென்றால் திருத்தவேண்டும். திருத்த முடியாவிட்டால் சொல்லவேண்டும், விலையைக் குறைக்கவேண்டும். மருந்து கொடுப்பவரும், வண்டி ஓட்டுபவரும், மின்கம்பி இணைப்பவரும் இரண்டு முறை சரிபார்ப்பது வீண் வருத்தமல்ல, அது அமானிதம்.

இரண்டாவது: இதை மேலும் திருத்துவதற்காக வேறு யாருடைய உரிமையை எடுத்துக்கொள்கிறோம்? தொழுகை நேரத்தையா, பிள்ளையோடு பேசும் நேரத்தையா, உறக்கத்தையா, அடுத்து வரிசையில் காத்திருக்கும் வாடிக்கையாளரின் நேரத்தையா? ஒருவருக்குரியதைப் பறித்து இன்னொன்றை அழகுபடுத்துவது நேர்த்தியாகாது.

மூன்றாவது: யாருடைய கண்ணுக்காக இதைச் செய்கிறோம்? இதுதான் மிகவும் கடினமான கேள்வி. 'ஒரு பிழை தெரிந்துவிட்டால் மக்கள் என்னை என்ன நினைப்பார்கள்' என்ற அச்சமே பலரை விடாமல் பிடித்து ஆட்டுகிறது. இக்லாஸ் உள்ளவன் இறைவனுக்காகச் செய்கிறான். அவனோ சக்திக்கு மீறி எவரையும் வருத்துவதில்லை என்று வாக்களித்திருக்கிறான். மக்களுக்கு அஞ்சுபவனுக்கு எல்லையே கிடையாது. ஏனெனில் மக்களின் கண்களுக்கு முடிவே இல்லை.

தாவூத் (அலை) அவர்களின் கவசத்தைப் பற்றிச் சொன்னபோது 'அளவு' என்ற சொல்லை நினைவில் வைக்கச் சொன்னோம். வளையம் தளர்ந்தாலும் கவசம் பயன்படாது, இறுகினாலும் பயன்படாது. அணிந்துகொள்பவன் உயிர் பிழைக்கவும் வேண்டும், நடக்கவும் வேண்டும். நம் வேலைக்கும் அந்த அளவே அளவு.

அந்தத் தாயாருக்கு நாம் சொன்ன பதிலோடு முடிக்கிறோம். "அம்மா, உங்கள் மகன் செய்வதில் முதல் தடவை மார்க்கம். இரண்டாவது தடவை எச்சரிக்கை. அதற்கு மேல் செய்வதெல்லாம் அச்சம். முதல் தடவைக்கு அல்லாஹ்விடம் கூலி உண்டு. அச்சத்துக்குக் கூலி இல்லை, மருந்துதான் உண்டு" என்றோம். ஒரு தடவை சரிபார்த்ததும் பிஸ்மியோடு மூடிவிட்டு எழவும், மூன்று தடவைக்கு மேல் உறுப்புகளைக் கழுவாமல் எழுந்து சஃப்பில் நிற்கவும் அவரைப் பழக்கும்படி சொன்னோம். அப்படியும் ஐயம் விடாவிட்டால் வெட்கப்படாமல் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லவேண்டும் என்றும் சொன்னோம். நோய்க்கு மருந்து தேடும்படி ஏவிய மார்க்கம் நம்முடையது. மனத்தின் நோய் அதற்கு விலக்கல்ல.

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அந்த இளைஞரைப் பள்ளியில் பார்த்தோம். இகாமத் சொல்லும்போதே முதல் சஃப்பில் நின்றிருந்தார். முழங்கையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு கையை உயர்த்தித் தக்பீர் கட்டிவிட்டார். அவருக்கு அது சிறிய வெற்றியல்ல என்பது நமக்குத் தெரியும்.

நம் கைகளின் வேலையைத் திருத்தமாக்கவும், அதில் எஞ்சும் குறைகளைப் பொறுத்துக்கொள்ளவும், நம்மிடம் வேலை செய்பவர்களின் குறைகளை நாம் பொறுத்துக்கொள்ளவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.